ஜனாஸாவுக்கு ஒரு மணித்தியாலம். உயிரோடு நிற்பவளுக்கு?



கொஞ்சம் நீண்ட பதிவு. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் நானாமார், ஜனாஸா சங்கத்தில் ஓடியாடும் தம்பிமார், எங்கள் பாடசாலைப் பிள்ளைகளின் உம்மாமார் எல்லோரும் கடைசி வரை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் எங்கள் மஹல்லாவில் வயதான ஒரு உம்மா மௌத்தானார். உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் பள்ளி மதிலோரம் உட்கார்ந்திருப்பார். "வெத்திலை உம்மா" என்றுதான் எல்லோரும் சொல்வோம். சொந்தப் பெயர் என்னவென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. மயங்கி விழுந்தவரை ஆட்டோக்காரத் தம்பிமார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த நாள் அஸருக்குப் பிறகு செய்தி வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் பெருமையாக இருக்கிறது. ஒரு மணித்தியாலத்துக்குள் ஜனாஸா வாகனம் போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கடதாசி வேலைகளை இரண்டு தம்பிமார் ஓடி ஓடிப் பார்த்தார்கள். கபன் துணி வந்தது. கற்பூரம் வந்தது. குளிப்பாட்ட மூன்று பெண்கள் வந்தோம். குப்பியாவத்தை மையவாடியில் கப்ர் தயாரானது. இஷாவுக்குப் பிறகு பள்ளி நிறைய ஆட்கள் நின்று தொழுதார்கள். யாரும் யாரிடமும் காசு கேட்கவில்லை. "இவர் யார், எந்த ஊர்" என்றும் கேட்கவில்லை. முஸ்லிம் ஒருத்தி மௌத்தாகிவிட்டார், அது போதும்.

குளிப்பாட்டி முடித்து வெளியே வந்தபோது செயலாளர் நானா என்னிடம் கேட்டார்: "டீச்சர், இவங்கட ஊடு எங்க? ஆக்களுக்கு அறிவிக்கோணுமே."

எனக்குத் தெரியவில்லை. மற்ற இருவருக்கும் தெரியவில்லை. அவருடைய பையைத் திறந்து பார்த்தோம். நான்காக மடித்த ஒரு பொலித்தீன் விரிப்பு, ஒரு தஸ்பீஹ், வெற்றிலைப் பொட்டலம், பழைய அடையாள அட்டையின் மங்கிப்போன போட்டோ கொப்பி. அந்த விரிப்பைப் பார்த்த பிறகுதான் மூன்று பேருக்கும் விளங்கியது. அவருக்கு வீடு இருக்கவில்லை. எத்தனை வருடம் என்றும் தெரியாது. வெள்ளிக்கிழமை தோறும் அவர் கையில் இருபது ரூபாயோ ஐம்பது ரூபாயோ வைத்துவிட்டுப் போன நாங்கள் ஒருவரும், "உம்மா, ராவைக்கு எங்கே படுக்கிறீர்கள்?" என்று கேட்கவில்லை.

ஜனாஸாவின் கண்ணியத்துக்காக இந்தச் சமூகம் எப்படி நின்றது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். 2020 இல் கொவிட் ஜனாஸாக்களை எரித்தபோது நாங்கள் தூங்கவில்லை. பொரளை கனத்தை வேலியில் வெள்ளைத் துணி கட்டினோம். வழக்குப் போட்டோம், கெஞ்சினோம், அழுதோம். அடுத்த வருடம் ஓட்டமாவடியில் அடக்கலாம் என்று ஆனபோது இத்தனை தூரம் ஜனாஸாக்களைக் கொண்டுபோய் அடக்கினோம். ஆறடி மண்ணுக்காக அப்படி நின்றவர்கள் நாங்கள்.

உயிரோடு இருக்கிற ஒருத்திக்கு ஆறடிப் பாய் விரிக்க இந்தக் கொழும்பு நகரத்தில் எங்கள் மஹல்லாவிடம் ஓர் இடம் இருக்கிறதா? இந்தப் பதிவில் நான் கேட்பது இதை மட்டும்தான்.

உண்மையைச் சொன்னால், இந்தக் கேள்வி எனக்கு வெத்திலை உம்மா மௌத்தான அன்று வந்ததல்ல. ஒரு வருடத்துக்கு முன்பே வந்தது. அப்போது எழுதத் தைரியம் வரவில்லை.

எங்கள் பாடசாலையில் தரம் 8 இல் ஒரு பிள்ளை. முதல் பாடத்திலேயே மேசையில் தலையை வைத்துத் தூங்கிவிடும். சீருடை சில நாட்களில் ஈரமாகவே இருக்கும். முதலில் ஏசினேன். பிறகு வரவு இடாப்பை எடுத்துப் பார்த்தால், அந்த வருடத்துக்குள் முகவரி மூன்று முறை வெட்டி எழுதப்பட்டிருந்தது. உம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினேன். சுத்தமாக உடுத்து, நேரத்துக்கு வந்தார். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். ஒன்பது இரவுகளாகத் தாயும் மகளும் ஓர் ஆஸ்பத்திரியின் வாங்குகளில் படுக்கிறார்கள்.

"ஒத்தரும் ஒண்டும் கேக்கல்லையா?" என்று கேட்டேன்.

"டீச்சர், பையும் பிளாஸ்க்கும் கையில ஈந்தா ஒத்தரும் கேக்க மாட்டாங்க. வார்ட்ல ஆள் ஈக்கிதுன்டு நெனச்சிக்குவாங்க."

இந்த ஒரு பேச்சு இன்றும் என் காதில் இருக்கிறது. இப்போது ஆஸ்பத்திரிக்குப் போனால் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்க்கிறேன். இவர்களில் யாருக்கு வார்ட்டில் ஆள் இருக்கிறது, யாருக்கு வீடு இல்லை என்று தெரியாது. வீடில்லாத ஆண் நடைபாதையில் கால் நீட்டிப் படுக்கலாம். எங்கள் கண்ணில் படுவான். பெண் அப்படிப் படுக்க மாட்டாள். பயத்தில் ஒளிந்துகொள்வாள். கோட்டை ரயில் நிலையத்தில் பயணி போல, புறக்கோட்டையில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவள் போல, ஆஸ்பத்திரியில் துணைக்கு வந்தவள் போல இருப்பாள். அதனால்தான் "எங்கட சமூகத்தில் அப்படிப் பெண்கள் இல்லை" என்று எங்களால் நிம்மதியாகச் சொல்ல முடிகிறது.

அந்தத் தாய் சோம்பேறி இல்லை. நான்கு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்தவர். அனுப்பிய காசில் மாமியாரின் தோட்டத்து வீட்டுக்கு மேலே ஒரு அறை கட்டப்பட்டது. காணி மாமியார் பெயரில், மின்சாரப் பட்டியல் கணவர் பெயரில். திரும்பி வந்த இரண்டாம் வருடம் தலாக். இத்தா முடிந்ததும் பையோடு வெளியே. நானாவின் வீட்டுக்குப் போனார். அடுக்குமாடியில் இரண்டு அறை, ஏற்கனவே ஏழு பேர். "நானா ஒண்டும் சொல்லல்ல டீச்சர். மதினி சட்டி வெக்கிற சத்தம்தான் மாறிச்சி" என்றார். அதன் பிறகு ஒரு கூட்டாளியின் வீடு, பிறகு ஒரு வாடகை அறை. அட்வான்ஸ் காசு கழிந்தது. பிறகு ஆஸ்பத்திரி.

நான் கிழக்கில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் ஊர்ப் பக்கம் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். அந்த வழக்கத்தின் கொடுமையும் எனக்குத் தெரியும். வாப்பாவும் நானாமாரும் அந்த வீட்டைக் கட்டி முடிக்க வெளிநாட்டில் தேய்ந்து போவதைப் பார்த்திருக்கிறேன். அதை நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒன்று: அங்கே கல்யாணம் உடைந்தால் பெரும்பாலும் பையைத் தூக்குகிறவர் மாப்பிள்ளை. கொழும்பில் வீடு கணவன் பக்கம், அல்லது வாடகை. இங்கே பையைத் தூக்குகிறவள் பெண். 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி காதியார் தாபரிப்புக் கட்டளை போடலாம். பிள்ளைக்கான தாபரிப்பு தொடரும். தலாக் சொல்லப்பட்ட மனைவிக்கோ இத்தாவோடு முடிந்துவிடும். மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் எங்கே படுப்பாள் என்று எந்தச் சட்டமும் கேட்பதில்லை. முன்பு அந்தக் கேள்விக்குக் குடும்பம் பதில் சொன்னது. இரண்டு அறை வீட்டில் குடும்பத்தாலும் பதில் சொல்ல முடியவில்லை.

அன்று பின்னேரம் நான் நிர்வாக சபை நானா ஒருவருக்குக் கோல் எடுத்தேன். எந்தப் பள்ளி, யார் என்று கேட்காதீர்கள். நல்ல மனிதர். கேட்டவுடன் மகனிடம் ஐயாயிரம் ரூபாயும் உலர் உணவுப் பொதியும் கொடுத்தனுப்பினார். அரிசி, பருப்பு, சீனி, பால்மா. அந்தத் தாய் பொதியைப் பார்த்துவிட்டு, "டீச்சர், அரிசிய எங்க வெச்சி ஆக்கிற?" என்று கேட்டார்.

மறுபடியும் கோல் எடுத்தேன். "இரண்டு மூன்று நாளைக்குப் படுக்க ஓர் இடம்" என்றேன். "டீச்சர், பொம்புளைகள பள்ளில எப்டி வெக்கிற? நாளைக்கு ஒரு கதை வந்தா யாரு பொறுப்பு?" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. எங்கள் வீட்டில் இரண்டு அறை. மாமாவுக்கு வருத்தம். வளர்ந்த ஆண் பிள்ளைகள் இருவர். எல்லாம் உண்மைதான். ஆனாலும் ஒரு மாணவி எங்கே படுக்கப் போகிறாள் என்று தெரிந்துகொண்டே, அன்று இரவு நான் என் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுப் படுத்தேன். அதையும் இங்கே எழுத வேண்டும்.

இனி நிர்வாகங்களிடம் சில விடயங்கள், மரியாதையோடு.

ஜமாஅத்தில் வரும் ஆண்களுக்கு எங்கள் பள்ளிகளில் படுக்க இடமிருக்கிறது. விரிப்பு, சமையல், குளியலறை எல்லாம் இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், இருக்கத்தான் வேண்டும். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கியபோது பள்ளிகளும் பாடசாலைகளும் திறந்தன. பெண்களும் பிள்ளைகளும் தங்கினார்கள், எல்லா இனத்து ஆட்களும் சாப்பிட்டார்கள். 1990 இல் வடக்கிலிருந்து எங்கள் ஆட்கள் விரட்டப்பட்டபோது புத்தளத்து மக்கள் கதவைத் திறந்தார்கள். ஆகவே பெண்கள் தங்க இடம் கொடுக்க எங்களுக்குத் தெரியாது என்பதில்லை. ஆயிரம் பேருக்கு ஒரே நாளில் வந்தால் அதை அனர்த்தம் என்கிறோம். ஒருத்திக்கு மட்டும் வந்தால் "குடும்பப் பிரச்சினை" என்கிறோம்.

"மார்க்கத்தில் இடமில்லை" என்று சொல்பவர்களுக்கு நான் பத்வா சொல்ல வரவில்லை. அது உலமாக்களின் வேலை. ஆனால் மத்ரஸாவில் நாங்கள் படித்ததை ஞாபகப்படுத்தலாம். மஸ்ஜிதுன் நபவியில் வீடில்லாத ஸஹாபாக்களுக்கென்று ஒரு திண்ணை இருந்தது. அஹ்லுஸ் ஸுஃப்பா என்று அவர்களைச் சொல்கிறோம். அபூஹுரைரா (ரழி) அவர்கள் அங்கே இருந்தவர்கள். அது எல்லோருக்கும் தெரியும். ஸஹீஹுல் புகாரியில் தொழுகைப் பகுதியில், பெண் பள்ளிவாசலில் உறங்குவது பற்றி இமாம் அவர்கள் தனித் தலைப்பே போட்டிருப்பது பலருக்குத் தெரியாது. அங்கே வருவது விடுதலை செய்யப்பட்ட ஒரு கறுப்பினப் பெண்ணின் கதை. அவள் இருந்த கூட்டத்தில் ஒரு சிறுமியின் சிவப்புத் தோல் ஆபரணம் காணாமல் போனது. இவள்தான் எடுத்தாள் என்று பழி போட்டு, உடம்பெல்லாம் சோதித்து அவமானப்படுத்தினார்கள். அதை இறைச்சி என்று நினைத்துத் தூக்கிப்போன பருந்து, எல்லோர் நடுவிலும் திரும்பக் கொண்டுவந்து போட்டது. அவள் அந்தக் கூட்டத்தை விட்டு மதீனாவுக்கு வந்து இஸ்லாத்தை ஏற்றாள். அவளுக்குப் பள்ளிவாசலில் ஒரு சிறு கூடாரம் இருந்தது. ஆயிஷா (ரழி) அவர்களிடம் வந்து உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருப்பாள்.

இந்த ஹதீஸை எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பேன். பழி சுமந்து, ஆளில்லாமல், வேறு ஊரிலிருந்து வந்த ஒருத்தி. இன்று எங்கள் வாசலுக்கு வந்தால் நாங்கள் கேட்கும் எல்லாக் கேள்விகளுக்கும் அவளிடம் பதில் இருந்திருக்காது. அவளுக்கு அங்கே கிடைத்தது ஒரு கூடாரமும், அவள் கதையைக் காது கொடுத்துக் கேட்ட ஒரு பெண்ணும்.

நான் பள்ளியின் தொழும் இடத்தில் படுக்க வைக்கச் சொல்லவில்லை. காலம் வேறு, நகரம் வேறு. அந்தப் பொறுப்பை மஹல்லா ஏற்க வேண்டும் என்கிறேன்.

"அரசாங்கம் பார்க்கட்டும்" என்று சிலர் சொல்வார்கள். அரசாங்கத்திடம் இருப்பதை நாங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும், அது உண்மை. மகளிர் உதவிக்கு 1938 என்ற இலக்கம் இருக்கிறது. மனநல உதவிக்கு 1926. பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர் இருக்கிறார்கள். 1987 இல் தொடங்கிய விமன் இன் நீட் என்ற அமைப்பு அடி உதைபட்டு வரும் பெண்களுக்குச் சட்ட உதவியும் பாதுகாப்பிடமும் கொடுக்கிறது. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அடிக்கிற கணவனை அந்த வீட்டுக்குள் வராமல் தடுக்கவும் அந்தக் கட்டளையால் முடியும். வீட்டை விட்டு ஓட வேண்டியது எப்போதும் பெண்தான் என்று சட்டம் சொல்லவில்லை. இதை எங்கள் பெண்களில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

ஆனால் இதிலெல்லாம் ஒரு சிக்கல் இருக்கிறது. கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழுக்கு முகவரி வேண்டும். தொலைந்த அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கக் கிராம உத்தியோகத்தரிடம் போக வேண்டும். அடையாள அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை. 2023 இல் வந்த அஸ்வெசும குடும்பத்தைக் கணக்கில் எடுத்து, காசை வங்கிக்குப் போடுகிறது. ஆஸ்பத்திரி வாங்கில் படுக்கிறவள் எந்த வீட்டுக் குடும்பம்? முகவரி போன அன்றே மற்ற எல்லாம் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்குகிறது.

இதை விடப் பயம் ஒன்று இருக்கிறது. 1841 இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் எங்கள் தலைமுறை வரை வந்துவிட்டது. இரவில் தெருவில் நின்ற எத்தனையோ பெண்கள் அதன் கீழ் பிடிக்கப்பட்டு, நீதிமன்றம் போய், கங்கொடவிலயில் உள்ள மெத்செவன தடுப்பு இல்லத்துக்கு அனுப்பப்பட்டிருக்கிறார்கள். வீடில்லாததற்குத் தடுப்பு. அதனால்தான் அந்தத் தாய் பொலிஸைக் கண்டால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடப்பார். உதவி கேட்கப் போக வேண்டிய இடத்தைக் கண்டு ஓடுகிற நிலைமை.

இடையில் நிற்க ஓர் ஆள் வேண்டும். அரச அலுவலகத்துக்குக் கூட்டிப்போக, படிவம் நிரப்ப, "இவர் எங்கள் முகவரியில் இருக்கிறார்" என்று கையெழுத்து வைக்க. அதை மஹல்லாதான் செய்யலாம்.

எங்களிடம் கொடுக்கும் மனம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கொடுக்கும் முறையில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. 2020 மே 21, றமழானின் கடைசி நாட்கள், ஊரடங்குக் காலம். மாளிகாவத்தையில் ஒருவர் ஏழைகளுக்குக் காசு பங்கிட்டார். நெரிசலில் மூன்று பெண்கள் மிதிபட்டு மௌத்தானார்கள். கொடுத்தவரின் நிய்யத்தை அல்லாஹ் அறிவான். ஆனால் ஏழைப் பெண்களை வரிசையில் நிறுத்தி, கையை நீட்ட வைத்து, ஒரு நாளில் கொடுத்து முடித்துவிட்டு, அடுத்த றமழான் வரை மறந்துவிடும் பழக்கம் எங்கள் எல்லோருடையதும்தான். அந்த மூவரின் பெயரை இன்று எங்களில் எத்தனை பேர் சொல்வோம்?

ஸகாத் பெறத் தகுதியானவர்கள் எட்டுக் கூட்டத்தார். பக்கீரும் மிஸ்கீனும் முதலில் வருகிறார்கள். வழிப்போக்கரும் அதில் இருக்கிறார். போக்கிடம் இல்லாத பெண்ணுக்கு அதில் இடமில்லை என்று எந்த மௌலவியும் சொல்ல மாட்டார். அவளுடைய சாப்பாடு, மருந்து, வாடகை இவற்றுக்கு ஸகாத்தைக் கொடுப்பது தெளிவான விடயம். கட்டடம் வாங்குவது, சம்பளம் கொடுப்பது போன்றவற்றில் உலமாக்களுக்கிடையே கருத்து வேறுபாடு இருப்பதால், அதற்கு ஸதகாவும் வக்பு வருமானமும் பயன்படட்டும். ஜம்இய்யத்துல் உலமாவின் கிளையில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

நான் கேட்பது பெரிய நிலையம் இல்லை. திறப்பு விழா வேண்டாம், பெயர்ப் பலகை வேண்டாம்.

ஒன்று. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஐந்தாறு மஹல்லாக்கள் சேர்ந்து ஒரு சிறிய வீடு. இரண்டு அறை, ஒரு குசினி, உள்ளேயே குளியலறை. பள்ளிக்குச் சொந்தமான வீடுகளிலோ கடைக்கு மேலேயோ இப்படி ஓர் இடம் இருக்கும். இல்லாவிட்டால் வாடகைக்கு. முகவரி வெளியே தெரியக்கூடாது.

இரண்டு. பொறுப்பில் ஒரு பெண், சம்பளத்தோடு. நன்மைக்காக மட்டும் என்றால் மூன்று மாதத்தில் ஆளிருக்காது. மேற்பார்வைக்கு மஹல்லாப் பெண்கள் ஐந்து பேர். ஓய்வு பெற்ற ஆசிரியைகளும் தாதிமாரும் எங்களிடம் நிறைய இருக்கிறார்கள். ஆண்கள் கணக்கையும் வாகனத்தையும் பார்க்கட்டும்.

மூன்று. தங்குவது முப்பது நாள், தேவைப்பட்டால் இன்னும் முப்பது. முதல் நாள் தூக்கம். கேள்விகள் இரண்டாம் நாள். பிறகு அடையாள அட்டை, காதி நீதிமன்றம், பிள்ளையின் பாடசாலை, வைத்தியம், வேலை என்று ஒவ்வொன்றாக. காதியார் போட்ட தாபரிப்பைக் கணவன் கட்டாவிட்டால் நீதவான் நீதிமன்றத்தின் மூலம் அறவிடலாம். அதற்குப் போய் நிற்க ஒரு துணை போதும்.

நான்கு. பிள்ளைகளும் வருவார்கள் என்பதால் பிரதேச செயலகத்துக்கும் பொலிஸின் மகளிர், சிறுவர் பிரிவுக்கும் ஆரம்பத்திலேயே அறிவிக்க வேண்டும். ஒளித்துச் செய்தால்தான் கதை வரும். "ஒரு கதை வந்தால் யார் பொறுப்பு" என்ற அந்த நானாவின் பயத்துக்கு இதுதான் மருந்து. இடாப்பு, சாட்சி, சட்டம்.

ஐந்து. மனநோயோடு வருபவரை எங்களால் வைத்துப் பார்க்க முடியாது. அங்கொடைக்குக் கூட்டிப்போக வேண்டும். அதோடு முடிந்துவிடக்கூடாது. குணமான பிறகும் கூட்டிப்போக ஆள் வராததால் அங்கேயே தங்கிவிட்ட பெண்கள் இருக்கிறார்கள். மாதத்தில் ஒருநாள் போய்ப் பார்ப்பதற்கும் ஒரு பெயர்ப் பட்டியல் வேண்டும்.

ஆறு. சிங்களப் பெண்ணோ தமிழ்ப் பெண்ணோ இரவு பத்து மணிக்கு வந்து நின்றால் அவருக்கும் அந்தக் கதவு திறக்க வேண்டும். வெள்ளத்தில் நாங்கள் பெயர் கேட்டுச் சோறு போடவில்லை.

"பொய் சொல்லி வருவார்களே" என்பீர்கள். வருவார்கள், நூற்றில் சிலர். ஜனாஸா சங்கத்துக்கும் செலவுக்கணக்கில் பிழை வந்திருக்கும். அதற்காக நாங்கள் ஜனாஸா வாகனத்தை விற்கவில்லை.

இதெல்லாம் பேச்சுக்கு நன்றாக இருக்கும், நடக்குமா என்று கேட்பவர்களுக்கு அந்தத் தாயின் மீதிக் கதையைச் சொல்கிறேன்.

நான் கதவைப் பூட்டிப் படுத்த அந்த இரவுக்கு அடுத்த நாள், எங்கள் ஒழுங்கையில் தனியாக இருக்கும் ஒரு மாமியிடம் போய் அழுதேன். வேறொன்றும் கேட்கவில்லை, அழத்தான் போனேன். அவர் வசதியானவர் இல்லை. அப்பம் சுட்டு விற்பவர். "இண்டைக்கி ராவைக்கி வரச் சொல்லுங்க. நாளைக்கிய நாளைக்கிப் பாப்பம்" என்றார். முன் அறையில் பாய் போட்டார். இருபத்தாறு இரவுகள்.

அந்த இருபத்தாறு நாளில் நடந்தது இதுதான். தன் வீட்டில் தங்கியிருப்பதாக மாமி கிராம உத்தியோகத்தருக்குக் கடிதம் கொடுத்தார். அடையாள அட்டைக்கு விண்ணப்பம் போனது. மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒரு சிங்களச் சகோதரி, தானே வந்து பார்த்தார். பிள்ளையின் தாபரிப்பு நிலுவை நீதவான் நீதிமன்றத்துக்குப் போனது. தாய்க்கு ஒரு தையல் இடத்தில் வேலை கிடைத்தது. அதே இடத்தில் வேலை செய்யும் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து வெல்லம்பிட்டியில் ஓர் அறை எடுத்தார்கள். மாமி அப்பம் சுட எழும்பும் நேரத்தில் அந்தப் பிள்ளையும் எழும்பிப் படிக்கும். இப்போது என் பாடத்தில் தூங்குவதில்லை. கதைக்கிறாள், அதற்காக ஏசுகிறேன்.

ஒரு பாய், ஒரு முகவரி, கூடப்போக ஓர் ஆள். மாமியிடம் இருந்தது அவ்வளவுதான். அது அவரிடம் தற்செயலாக இருந்தது. நான் அழப்போன வீடு வேறாக இருந்திருந்தால்? வெத்திலை உம்மாவுக்கு அப்படி ஒரு மாமி கிடைக்கவில்லை. அவருக்குக் கிடைத்தது நாங்கள், அதுவும் அவர் மௌத்தான பிறகு.

ஜனாஸா சங்கம் வருவதற்கு முன்னால் ஜனாஸாவும் அப்படித்தான் இருந்திருக்கும். நல்ல அயலவர் இருந்தால் நல்ல அடக்கம், இல்லாவிட்டால் திண்டாட்டம். யாரோ நாலு பேர் உட்கார்ந்து, "இது அயலவரின் தயவில் விடக்கூடாத வேலை" என்று முடிவெடுத்தார்கள். அல்லாஹ் அவர்களுக்குக் கூலி கொடுப்பானாக. அதே முடிவை உயிரோடு இருப்பவளுக்காகவும் எடுங்கள் என்கிறேன்.

இந்தப் பதிவின் கீழே "மாஷா அல்லாஹ் டீச்சர்" என்று எழுத வேண்டாம். வருகிற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு உங்கள் பள்ளி நிர்வாகத்தில் ஒருவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்றிரவு ஒரு பெண் பிள்ளையோடு வந்து நின்றால் எங்கே அனுப்புவோம்?" அவர் என்ன பதில் சொன்னார் என்று எழுதுங்கள். காலியான அறை வைத்திருப்பவர்கள், ஒரு மணித்தியாலம் கொடுக்கக்கூடிய ஓய்வு பெற்ற தாதிமார், சட்டத்தரணிகள், படிவம் நிரப்பத் தெரிந்த பிள்ளைகள் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். பெயர்களைச் சேர்த்துக்கொண்டு நானே நிர்வாகங்களிடம் போகிறேன். மாமியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வெத்திலை உம்மாவின் பெயர் அந்த மங்கிய போட்டோ கொப்பியில் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்து வாசித்தோம். பொதுவில் எழுத அவரிடம் அனுமதி கேட்க முடியாது என்பதால் இங்கே எழுதவில்லை. துஆவில் சொல்லிக்கொள்கிறேன். நீங்களும் அவருக்காக துஆ செய்யுங்கள். பிறகு, அடுத்த வெள்ளிக்கிழமை மதிலோரம் இருக்கும் மற்றப் பெண்களிடம் பெயரைக் கேளுங்கள். ராவைக்கு எங்கே படுக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

வஸ்ஸலாம்.